பில்லில் ஒரு காலி இடம்
(வெளிநாட்டுப் பயணம் கிளம்புவோருக்காக நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2 டாலர் 13 சென்ட். அமெரிக்காவில் உணவகத்தில் பரிமாறுகிற ஒருவருக்கு முதலாளி ஒரு மணி நேர வேலைக்குக் கையிலிருந்து தந்தாக வேண்டிய கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி, இவ்வளவுதான். 1991-இல் வைத்த தொகை. அதற்குப் பிறகு வீட்டு வாடகை ஏறியிருக்கிறது, பால் விலை ஏறியிருக்கிறது, பஸ் கட்டணம் ஏறியிருக்கிறது. இந்த 2.13 மட்டும் அசையவே இல்லை. மற்றத் தொழிலாளிக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அதுவும் 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள 5 டாலர் 12 சென்ட்டை யார் தருவது? சாப்பிட வந்தவர். அந்தப் பணத்துக்குத்தான் அங்கே டிப்ஸ் என்று பெயர்.

பிள்ளைகளைப் பார்க்க டெக்ஸசுக்கும் நியூஜெர்சிக்கும் போகிற தமிழ்ப் பெற்றோர் வந்திறங்கிய முதல் வாரத்தில், ஏதோ ஓர் உணவக மேசையில் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். மகன் பில்லோடு 20 சதவீதம் சேர்த்து எழுதுவார். "எதுக்குப்பா இவ்வளவு? சாப்பாட்டுக்குத்தான் காசு குடுத்தாச்சே" என்பார் அப்பா. அப்பாவின் கேள்வியில் தப்பே இல்லை. அவர் ஊரில் சர்வருக்குச் சம்பளம் முதலாளி தருவது. மனம் நிறைந்தால் வாடிக்கையாளர் பத்தோ இருபதோ வைத்துவிட்டுப் போவது. மகன் எழுதியதும் சரி. அவர் வாழும் ஊரில் அது சம்பளத்தின் ஒரு பகுதி.

வெளிநாட்டுப் பயணிகள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே டிப்ஸ் எத்தனை சதவீதம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த ஊரில் பரிமாறுகிறவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? முதலாளியா, சாப்பிடுகிறவரா, அல்லது மெனு அட்டையில் அச்சிட்ட விலையிலேயே அது அடங்கிவிட்டதா? இது தெரிந்துவிட்டால் தொகை தானாக விளங்கும். எவ்வளவு நேரம் மேசையில் உட்காரலாம், பில்லை எப்போது கேட்பது, பணத்தை எங்கே வைப்பது என்பதுகூட அதிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அமெரிக்கா ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு; அது அழகான வரலாறு இல்லை. 1860-களில் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்தது. ஐரோப்பாவுக்குப் போய்வந்த அமெரிக்கச் செல்வந்தர்கள் டிப்ஸ் கொடுக்கும் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு அன்று திறந்திருந்த வேலைகள் சொற்பம்: உணவகம், ஓட்டல், ரயில். ஜார்ஜ் புல்மன் என்பவர் 1867-இல் தொடங்கிய ரயில் நிறுவனம் படுக்கை வசதிப் பெட்டிகளை ஓட்டியது. பெட்டி தூக்கவும் படுக்கை விரிக்கவும் ஷூ துடைக்கவும் அவர் கறுப்பின ஆண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தார். கூலி மிகக் குறைவு. மீதியைப் பயணிகள் டிப்ஸாகத் தருவார்கள் என்பது ஏற்பாடு. பயணிகள் பலர் அந்தப் பணியாளரின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. முதலாளியின் பெயரையே வைத்து எல்லாரையும் "ஜார்ஜ்" என்று கூப்பிட்டார்கள். 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனம் அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட 1937 வரை ஆனது. அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது, டிப்ஸை நம்பியிராமல் வாழத்தக்க ஊதியம்.

எதிர்ப்பும் இருந்தது. டிப்ஸ் குடியரசின் மானத்துக்கு இழுக்கு, ஒருவரை இன்னொருவர் முன் கைநீட்ட வைக்கிறது என்று அந்நாளில் பலர் எழுதினார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. தெற்கிலும் சில மாநிலங்கள் அதே வழியில் போயின. 1926-க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாமே கைவிடப்பட்டன. 1966-இல் நாடாளுமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை உணவகத் தொழிலாளிகளுக்கும் விரித்தபோது, டிப்ஸாக வருவதைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதியும் கொடுத்தது. வழக்கமாக இருந்தது அன்றிலிருந்து சட்டமாயிற்று. டிப்ஸும் கூலியும் சேர்ந்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அந்தக் கணக்கைக் காட்டி அதைக் கேட்டு வாங்க வேண்டியவர், அதே முதலாளியிடம் நாளைக்கும் வேலைக்கு வர வேண்டியவர்.

எல்லா மாநிலங்களும் ஒன்றுபோல் இல்லை. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்கள் டிப்ஸைக் கூலியில் கழிக்க விடுவதில்லை. கலிபோர்னியாவில் சர்வருக்கும் மணிக்கு 16 டாலருக்கு மேல் முழுக் கூலி உண்டு. டெக்ஸசில் இன்றும் 2.13. வினோதம் என்னவென்றால், இரண்டு இடத்திலும் மக்கள் வைக்கும் டிப்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி அந்தப் பில்லைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம்.

சாப்பிட்டு முடியும் தறுவாயில் சர்வர் ஒரு சின்னத் தோல் உறைக்குள் பில்லைக் கொண்டுவருவார். சாப்பாட்டின் விலை, கீழே விற்பனை வரி, அதன் கீழே கூட்டுத்தொகை. உறைக்குள் கார்டைச் செருகி வைத்தால் எடுத்துப்போய் இரண்டு சீட்டுகளோடு திரும்புவார். ஒன்று கடைக்கு, ஒன்று சாப்பிட்டவருக்கு. கடைச் சீட்டில் "டிப்" என்று போட்டு எதிரே காலி இடம்; அடுத்து "மொத்தம்" என்று போட்டு இன்னொரு காலி இடம்; கடைசியில் கையெழுத்து. இரண்டையும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகலாம். எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அந்த நேரத்தில் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். கைப்பேசிக்கு முதலில் பில் தொகைக்கு மட்டும் செய்தி வரும். டிப்ஸ் சேர்ந்த தொகை ஓரிரு நாள் கழித்துக் கணக்கில் ஏறும். இரண்டு தரம் பணம் எடுத்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்துப் பதறி வங்கிக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. பதற வேண்டியதில்லை.

தொகைக் கணக்கு எளிது. மேசையில் வந்து பரிமாறும் உணவகத்தில் 18-இலிருந்து 20 சதவீதம் இன்றைய வழக்கம். 15 என்பது முன்தலைமுறைக் கணக்கு. 60 டாலருக்குச் சாப்பிட்டால் 12 டாலர். வரிக்கு டிப்ஸ் கணக்கிட வேண்டியதில்லை. நியூயார்க் நகரவாசிகளிடம் ஒரு குறுக்குவழி உண்டு: அங்கே வரி 8.875 சதவீதம், பில்லில் உள்ள வரித்தொகையை இரண்டால் பெருக்கினால் 18 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைச் சற்று ஏற்றி முழு டாலராக எழுதிவிடுவார்கள். பல உணவகங்கள் 18, 20, 22 சதவீதத்துக்கு எவ்வளவு என்று பில்லின் அடியிலேயே அச்சிட்டுத் தருகின்றன.

குடும்பமாகப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆறு பேர், எட்டு பேர் என்று பெரிய கூட்டமாக உட்கார்ந்தால் பல இடங்களில் பரிமாறும் கட்டணத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் காலி இடத்தில் மறுபடி 20 சதவீதம் எழுதுகிறவர்கள் ஏராளம்.

வைக்கிற டிப்ஸ் முழுவதும் அந்த ஒரு சர்வருக்கே போவதும் இல்லை. மேசை துடைப்பவர், சமையலறையிலிருந்து தட்டுகளைக் கொண்டுவருகிறவர், பானம் கலப்பவர் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பல உணவகங்களில் அந்தப் பங்கை சர்வர் அன்று செய்த விற்பனையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 100 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் போனால், சர்வருக்கு அந்த மேசையால் வரவு இல்லை என்பதோடு நிற்காது. மற்றவர்களின் பங்கைத் தன் வரும்படியிலிருந்து அவர் எடுத்துத் தர வேண்டியிருக்கும். பரிமாறியது பிடிக்கவில்லை என்றால் மேலாளரைக் கூப்பிட்டு வாயால் சொல்வதே நேர்மை. குறை சொல்வதற்கும் கூலியை நிறுத்துவதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

வரிசையில் நின்று தானே காபி வாங்குகிற கடையில் கதை வேறு. கல்லாவில் உள்ள திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவார்கள். அங்கே நிற்பவருக்குப் பெரும்பாலும் முழுக் கூலி உண்டு. விரும்பினால் ஒரு டாலர் சேர்க்கலாம். வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினாலும் குற்றமில்லை. ஓட்டல் அறையைச் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு நாளைக்குச் சில டாலர்கள், ஒவ்வொரு நாளும் வைப்பது நல்லது. கடைசி நாளில் மொத்தமாக வைத்தால், முந்தைய நாள்களில் அறையைத் துடைத்தவர் அன்று விடுப்பில் இருக்கக்கூடும்.

இந்த முறையை மாற்றிப் பார்த்தவர்களும் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக அதிபர் டேனி மேயர் 2015-இல் தம் உணவகங்களில் டிப்ஸையே எடுத்துவிடுவதாக அறிவித்தார். உணவு விலையை ஏற்றி, அதிலிருந்து எல்லாருக்கும் நல்ல சம்பளம் தருவது திட்டம். அவரை உறுத்தியது சமையலறை. முன்னால் நின்று பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் ஏறிக்கொண்டே போக, உள்ளே அடுப்படியில் வேகிறவருக்கு அதில் பங்கு கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. எண்ணம் உயர்ந்தது. ஆனால் பக்கத்துக் கடை மெனுவை விட விலை கூடுதலாகத் தெரிந்தது. டிப்ஸில் அதிகம் பார்த்துப் பழகிய சர்வர்கள் சிலர் விலகினார்கள். 2020-இல், பெருந்தொற்றின் நடுவே, டிப்ஸ் திரும்பி வந்தது. ஒரு தெருவில் ஒரு கடை மட்டும் நியாய விலை போட்டால் அந்தக் கடைதான் விலை கூடிய கடையாகத் தெரியும். நாடு முழுவதற்கும் சட்டம் வந்தால் ஒழிய இது மாறாது. 2025-இல் அங்கே வந்த சட்டமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது: ஆண்டுக்கு 25,000 டாலர் வரை டிப்ஸ் வருமானத்துக்குக் கூட்டாட்சி வருமான வரியில் 2028 வரை சலுகை. தொழிலாளியின் கைக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். அந்தக் காலி இடம் இன்னும் ஆழமாக வேரூன்றும்.

நாடு முழுவதற்கும் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸ் நல்ல சான்று. அங்கே மெனுவில் போடும் விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும் என்று 1987-இல் ஆணை வந்தது. 18 யூரோ என்று போட்டிருந்தால் தர வேண்டியது 18 யூரோதான். பரிமாறுகிறவர் மாதச் சம்பளக்காரர். அதனால் பிரெஞ்சு உணவகத்தில் யாரும் மேசையைச் சீக்கிரம் காலி செய்ய வைக்கப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் கடைசிக் கவளம் இறங்கும் முன்பே பில் வந்து நிற்கும். அந்த மேசையில் அடுத்த ஆள் உட்கார்ந்தால்தான் சர்வருக்கு அடுத்த டிப்ஸ். பாரிசில் கேட்டால்தான் பில் வரும். கேட்காமல் கொண்டுவந்து வைப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். அரை மணி நேரம் காத்திருந்து "இவங்க நம்மள மதிக்கவே இல்லை" என்று நம்மவர்கள் வருந்துவது இதனால்தான். கையைச் சற்று உயர்த்திக் கேட்டால் போதும். உள்ளே நுழைந்ததும் முதலில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்வது அங்கே டிப்ஸை விட முக்கியம். அதைச் சொல்லாமல் நேராக மேசை கேட்கிறவருக்குக் கிடைக்கும் முகம் வேறு. குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை இலவசம். சாப்பாட்டோடு ரொட்டியும் அப்படியே. மகிழ்ச்சியாக இருந்தால் எழும்போது ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் வைக்கலாம்.

இத்தாலியில் பில்லில் "கோப்பெர்த்தோ" என்று தலைக்கு ஒன்றிலிருந்து மூன்று யூரோ வரை இருக்கும். மேசைவிரிப்புக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது. ஏமாற்று வேலை இல்லை. காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் அதைவிடக் கூடிய விலை. ஜெர்மனியில் 5-இலிருந்து 10 சதவீதம் கூட்டி முழு எண்ணாக்குவார்கள். ஆனால் மேசையில் விட்டுவிட்டுப் போவதில்லை. 27 யூரோ பில்லுக்கு 50 யூரோ தாளை நீட்டி "30" என்று வாயால் சொல்ல வேண்டும். மீதி 20 கைக்கு வரும். லண்டனில் பில்லிலேயே பெரும்பாலும் 12.5 சதவீதம் சேர்ந்திருக்கும். அதை எடுத்துவிடச் சொல்ல உரிமை உண்டு. அந்தப் பணத்தில் முதலாளி ஒரு காசுகூடப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டம் அங்கே 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஜப்பானில் டிப்ஸ் கிடையாது. மேசையில் 500 யென் நாணயத்தை விட்டுவிட்டு வந்தால், மறந்து விட்டுவிட்டதாக எண்ணிக் கடைக்காரர் தெருவரை ஓடிவந்து தருவார். விலையில் எல்லாம் அடங்கிவிட்டது. நன்றாகப் பரிமாறுவது அவர் வேலை. அதற்குத் தனியாகக் காசு என்றால் அவருக்குக் கூச்சம். பணத்தைக் கையில் தருவதும் வழக்கமில்லை. கல்லாவில் சின்னத் தட்டு ஒன்று இருக்கும். அதில் வைக்க வேண்டும். மீதியும் அதிலேயே எண்ணிவைக்கப்பட்டு வரும். மாலை நேர மதுக்கடைகளில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது தொடுகறி வரும். அதற்குப் பெயர் "ஒதோஷி". தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். திருப்பி அனுப்பச் சண்டை போடுகிற பயணிகள் உண்டு. அது உட்காரும் இடத்துக்கான கட்டணம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. "ர்யோகான்" என்னும் பழைய பாணி விடுதிகளில், அறையிலேயே உணவு பரிமாறிப் படுக்கையும் விரிக்கும் பெண்மணிக்கு, அறைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, சிறிது பணம் தரும் வழக்கம் இன்னும் ஓரளவு இருக்கிறது. கட்டாயமில்லை. தருவதானால் மடிப்பில்லாத புதுத் தாளாக, சின்ன உறையில் போட்டு, இரண்டு கையாலும் தர வேண்டும். வெறும் தாளை நீட்டுவது அங்கே அநாகரிகம். நம் பக்கம் மொய்ப்பணத்தைக் கவரில் வைத்துத் தருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய மேசையில் இன்னும் இரண்டு காரியங்கள், எதிரே இருப்பவரின் முகத்தை வாட வைக்கும். சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது ஒன்று. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது மற்றொன்று. எரியூட்டல் முடிந்ததும் குடும்பத்தார் குச்சிகளால் எலும்புகளை எடுக்கும்போது செய்வது அது. பண்பாடு தெரியாத அந்நியர் என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் ஒருவர் சாப்பிட்டு முடித்து, துக்க வீட்டில் மடிப்பதுபோல் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தால் பெண் வீட்டாருக்கு நெஞ்சில் என்ன நடக்குமோ, அதுவே அங்கும் நடக்கும். மற்றபடி நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சலாம். கிண்ணத்தைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோகலாம். பக்கத்து நாடான கொரியாவில் அதே கிண்ணத்தைத் தூக்கக் கூடாது. சோற்றைக் கரண்டியால் எடுக்க வேண்டும். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுக்கும்வரை மற்றவர்கள் தொடங்கக் கூடாது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பானில் வேறொரு சிக்கல் இருக்கிறது, அது மேசை நாகரிகத்தோடும் சேர்ந்தது. "மீன் வேண்டாம்" என்று சொன்னால் மீன் துண்டுகளை எடுத்துவிட்டு அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். சூப்பின் அடிப்படையான "தாஷி" என்ற சாறே பெரும்பாலும் உலர்ந்த மீனைச் சீவி வேகவைத்து எடுத்தது. பாதி சாப்பிட்ட பிறகு அது தெரிந்து, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் சமைத்தவருக்கு அது பெரிய அவமானம். முன்கூட்டியே, இடம் பதிவு செய்யும்போதே, சாறு உட்பட எதிலும் மீன் கூடாது என்று எழுதித் தெரிவித்துவிட வேண்டும். புத்தக் கோயில்களில் கிடைக்கும் "ஷோஜின் ர்யோரி" என்ற மடாலயச் சமையல் முழுச் சைவம். கோயாசான் மலையில் கோயில் விடுதிகளில் தங்கி அதைச் சாப்பிடலாம். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

சிங்கப்பூர் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். 10 சதவீதம் சேவைக் கட்டணம் ஒன்று. 9 சதவீதம் ஜிஎஸ்டி இன்னொன்று. 20 வெள்ளிச் சாப்பாடு சேவைக் கட்டணத்தோடு 22 ஆகும்; 22-க்கு வரி போட்டு 23 வெள்ளி 98 காசு. அதற்கு மேல் டிப்ஸ் எதிர்பார்ப்பது இல்லை. தேக்கா சென்டர் போன்ற உணவங்காடிகளில் கூட்டல் குறி எதுவும் கிடையாது. ஆள் யாரும் இல்லாத மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதைத் தள்ளிவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்தால் அபராதம். அங்கே மேசை துடைப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். எச்சில் தட்டை அவர்களுக்கென்று விட்டுவிட்டு வராமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

காசே பேசாத விருந்துகளும் இருக்கின்றன. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் பலர் ஓர் அரபு வீட்டில், விருந்தினர் கூடமான மஜ்லிசில் உட்கார்ந்து காபி குடித்திருப்பார்கள். ஏலக்காய் மணக்கும் அந்தக் காபி, பித்தளைக் கூஜாவிலிருந்து கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில், கால்வாசி அளவுக்குத்தான் ஊற்றப்படும். நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று சொல்வதுபோல். ஊற்றுகிறவர் கூஜாவை இடக்கையிலும் கோப்பைகளை வலக்கையிலும் பிடித்திருப்பார். வாங்குகிறவர் வலக்கையால் வாங்க வேண்டும். குடித்ததும் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார். இப்படியே எத்தனை தரமும் நடக்கும். போதும் என்றால் கோப்பையை விரலிடுக்கில் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டித் தர வேண்டும். ஊற்றுகிறவர் நிறுத்தாவிட்டாலும், மூன்று கோப்பைக்கு மேல் குடிப்பது வழக்கமில்லை. முதல் கோப்பையை மறுப்பது தவறு. இந்தக் காபி உபசாரத்தை யுனெஸ்கோ 2015-இல் மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

எத்தியோப்பியாவில் ஒரே பெரிய தட்டில் இன்ஜேரா என்ற அப்பத்தை விரித்து எல்லாரும் வலக்கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பார்க்க நம் ஆப்பத்தின் தூரத்து உறவு போலிருக்கும். திடீரென்று பக்கத்தில் இருப்பவர் ஒரு கவளம் உருட்டி நம் வாயருகே நீட்டுவார். அதற்கு "குர்ஷா" என்று பெயர். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டுக் கையில் வாங்கினால் அவர் மனம் சுருங்கும்.

கடைசியாக, வீட்டுக்குப் பக்கத்தில். இந்தியாவில் சில ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. உணவகங்கள் பில்லில் தாமாகச் சேவைக் கட்டணம் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் போய் அதே மாதத்தில் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ பெரிய உணவகத்தில் பில் வந்தால் ஜிஎஸ்டிக்கு மேலே "சேவைக் கட்டணம்" என்று தனி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்தப் பணம் பரிமாறியவருக்குத்தான் போகிறது என்பதற்கு பில்லில் எந்த உறுதியும் கிடையாது.

எடுக்கச் சொன்ன கையோடு, பரிமாறியவருக்கு என்ன கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். முன்பெல்லாம் பில்லோடு சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டு வரும், மீதிச் சில்லறை அதிலேயே கிடக்கும், சர்வர் எடுத்துக்கொள்வார். இப்போது கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் பைசா சுத்தமாக முதலாளியின் கணக்குக்குப் போய்விடுகிறது. மீதி என்று ஒன்றே இல்லை. சொந்த ஊரை விட்டு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, இங்கே தமிழ் கற்றுக்கொண்டு "இன்னொரு சாம்பார் வேணுமா சார்?" என்று கேட்கிற இளைஞர்களுக்கு இதில் உண்டான இழப்பு சின்னதல்ல. யுபிஐயில் கட்டுகிறவர்கள் இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் சிலவற்றைத் தனியே வைத்திருந்து கையில் கொடுப்பது நல்லது. கல்லாவுக்குப் பக்கத்தில் டிப்ஸ் டப்பா இருந்தால், அது யார் யாருக்குப் பிரிகிறது என்று சர்வரிடமே கேட்கலாம்; தயங்காமல் சொல்வார்கள். எல்லாருக்கும் பிரிகிறது என்றால் டப்பாவில் போடலாம். இல்லையென்றால், இலை எடுத்து மேசை துடைக்கிற பையனுக்கும் தனியாக ஒரு தாள் தர வேண்டும். அவனுக்குக் கொடுக்க யாருக்கும் பெரும்பாலும் தோன்றுவதில்லை.